பூட்டிய மூடியின் மேல்

என் தம்பி பம்பாயின் பெரிய ஓட்டல்களில் ஜாஸ் பியானோ வாசித்தான். பாளையங்கோட்டை விடுதியில் படிக்கையில் தேவாலயத்துப் பியானோவில் தொடங்கிய பழக்கம் அது. மலைத் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன ஒரு துரையிடம் அப்பா அவனுக்காக ஒரு பழைய பியானோவை வாங்கினார். புளியங்குடி வழியாக லாரியில் எங்கள் ஊரான சங்கரன்கோவிலுக்கு அது வந்து சேர்ந்தது. விடுமுறைக்கு வந்தால் அதில்தான் இசை இயற்றுவான். தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். இடக்கை அவற்றோடு ஒத்துப் போகும். வலக்கை வேண்டுமென்றே சற்றுப் பிந்தி வரும். அப்பா கண்மூடிக் கேட்பார். கல்லூரியில் தத்துவம் கற்பித்த எனக்கு அது பிடிபட்டதில்லை.

எழுபதுகளின் இறுதியில் அப்பா இறந்தார். தம்பியின் சொந்த இசை முதன்முதலாக இசைத்தட்டாக வரவிருந்த நேரம். ஒலிப்பதிவுக்கு ஒரு மாதமே இருந்தது. துஷ்டி வீட்டில் ஓராண்டு வாத்தியம் ஒலிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை; ஊரார் பேச்சில் அச்சம் இருந்தது. பியானோவின் மூடியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, நீங்கள்லாம் அழுதுட்டீங்க. எனக்கு இதுலதான் அழத் தெரியும்," என்றான்.

"வருசம் கழியட்டும்டே," என்றேன்.

மறுபடி கேட்கவில்லை. நாள்தோறும் பூட்டிய மூடியின் மேல் விரல்களை ஓட்டிப் பயிற்சி செய்தான். நகங்கள் மரத்தில் தட்டும் ஓசையை, அடுத்த அறையில் விடைத்தாள் திருத்தியபடி ஒரு மாதம் கேட்டேன். சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

இசைத்தட்டு வந்தது. அதன் கடைசி இசையில் பியானோ நடுவே நின்றுவிடுகிறது. விரல்கள் மரத்தைத் தட்டும் ஓசை மட்டும் சிறிது நேரம் கேட்கிறது. பம்பாயில் அதைப் புதுமை என்று பாராட்டினார்களாம். அவன் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பின் கேட்பதற்கு ஆறு ஆண்டுகள் இருந்தன. மழையைப் பற்றியும் எலுமிச்சை விளைச்சலைப் பற்றியும் பேசினோம்.

பிறகு ஒரு நாள் பம்பாயிலிருந்து தந்தி வந்தது. மாரடைப்பு. அங்கேயே எரியூட்டிவிட்டு அஸ்தியோடு நான் ஊர் திரும்பியபோது வீடு நிறைய உறவினர் இருந்தனர். பியானோவைப் பூட்டிவிட்டதாகச் சொல்லி, பெரியப்பா மகன் சாவியை என்னிடம் நீட்டினார். வாங்கி, மூடியைத் திறந்து வைத்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் அவனுடைய இசைத்தட்டைச் சுழலவிட்டேன். யாரும் தடுக்கவில்லை.

பியானோ நின்று, தட்டும் ஓசை எழுந்தபோது பெரியப்பா மகன் வாசல் பக்கம் திரும்பினார்.

"யாரோ கதவத் தட்டுதாக. பாருங்கடே."

"தம்பிதான்," என்றேன்.