இதுக்கு ஜோடி யாருகிட்ட?

ஆம்பூர் பஜாரை இடித்துக் கட்டிய புது வளாகத்தில், கண்ணாடி அலமாரியில் ஒற்றையாக நின்ற ஷூவை எடுத்ததும் தோலும் பசையும் கலந்த அந்த வாசனை வந்தது. இதே இடத்தில்தான் பஷீர் பாய் தார்ப்பாய் விரித்து, கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஷூக்களை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார். எல்லாம் ஒற்றை ஒற்றையாகக் கிடக்கும். அம்மாவும் நானும், பர்தா போட்ட அக்காக்களும், பேர்ணாம்பட்டு பஸ்ஸில் வந்த குடியானவர்களும் குந்திக் கிளறுவோம், இடதுகால் கிடைத்தவர் அதைத் தலைக்குமேல் தூக்கி, "இதுக்கு ஜோடி யாருகிட்ட?" என்று கேட்க, எங்கிருந்தோ ஒரு கை வலதுகாலை வீசும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு என்றால் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள்.

இடிக்கும்போது, பழைய வியாபாரிகளுக்குத்தான் முதலில் கடை என்றார்கள். கட்டி முடித்ததும், இங்கே தார்ப்பாய் விரிக்கக் கூடாது என்றார்கள். பாய் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"இப்பதான் டவுன் மாதிரி இருக்கு" என்றாள் பக்கத்தில் நின்ற அம்மா, பாயிடம் வாங்கிய ஷூவில் என்னைப் படிக்க அனுப்பியவள்.

என்னையறியாமல் கையிலிருந்த ஷூவைத் தலைக்குமேல் தூக்கியிருந்தேன். யாரும் திரும்பவில்லை. அம்மாதான் அவசரமாக என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"கீழ வைடா. பாக்கறவங்க நம்மள இன்னான்னு நெனப்பாங்க?"