அவள் குடிக்காத சொம்புத் தண்ணீர்

மூன்று வருடத்துக்கு முந்தைய சித்திரை மாதம். குமாரபாளையத்தில் விசைத்தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வேலையை வீட்டிலேயே செய்துவந்தேன். வேலை கூடிப்போனதால், எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீட்டுக்குக் குடிவந்திருந்த ஒடிசாக்காரப் பெண்ணைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். அவள் கணவன் தறி ஓட்டுகிறவன். அவள் அப்போது கர்ப்பிணி.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்போம். அதைக் குடிக்காவிட்டால் மனத்தாங்கல்தான். அவளோ தினமும் "வேண்டாம் அக்கா" என்பாள். சிமெண்ட் அட்டைக் கூரைக்குக் கீழே, உதடு வெடித்துக் கிடக்க, வாயை நனைக்காமல் வேலை செய்வாள். நம் வீட்டுத் தண்ணீர் ஆகாதோ என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஒரு மத்தியானம் காய்ச்சலில் நடுங்கி, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சிறுநீரில் தொற்று, சிறுநீரகம் வரை ஏறிவிட்டது, இன்னும் விட்டிருந்தால் பிள்ளைக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. "தண்ணியே குடிக்கறதில்லையாம்மா?"

"குடிச்சா பாத்ரூம் போகணும். போனா திட்டறாங்க."

எங்கள் லைன் வீடுகளுக்குப் பொதுக் கக்கூஸ் தெருவின் எதிர்ப்புறம், மளிகைக் கடையை ஒட்டி இருக்கிறது. வடக்கத்திக்காரர்கள் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள், கண்டால் விரட்டுங்கள் என்று அந்தக் கடைக்காரர் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவாகப் பேசிப் போட்டிருந்தார். காலை வணக்கப் படங்களோடு எனக்கும் அது வந்தது. அபத்தம் என்று தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன். கடை முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அதையே அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். விடியுமுன் போனால் மறுபடி இருட்டிய பிறகுதான் என்று உடம்பை அடக்கப் பழகியிருக்கிறாள்.

அவள் தேறி வந்ததும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் கூடப் போனேன். முதல் நாளே கடைக்காரர் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க அக்கா, இவளுக்குக் காவலுங்களா?"

"இல்லீங்க. எனக்கும் அவசரமுங்க."

அவர் குனிந்து பொட்டலம் மடிக்கத் தொடங்கினார்.

அன்று என் வீட்டுக்கு வந்தவள் சொம்பை அண்ணாந்து முழுசாகக் குடித்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. குரூப்பில் அந்தப் பேச்சு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, யாரும் அழிக்கவில்லை. இப்போதும் யாராவது தண்ணீர் வேண்டாம் என்றால் எனக்கு மனத்தாங்கல் வருவதில்லை, பயம்தான் வருகிறது. ஏன் வேண்டாம் என்று கேட்காமல் சொம்பைத் திருப்பி எடுத்துப்போக என்னால் முடிவதில்லை.