அக்காவின் காட்டுப்பாக்கத்துக் கனகாம்பரம்

வேற்காட்டு அம்மன் துணை.

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்த ஐப்பசியோடு ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற சொந்தபந்தங்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், அக்காவோடு வேலை செய்தவர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத உட்கார்ந்தால் கை வலிக்கிறது, முட்டியும் சேர்ந்து வலிக்கிறது. அக்காவின் மகன், "மாமா, நீங்கதான் கூட இருந்தீங்க, நீங்களே எழுதுங்க" என்று என்னிடமே விட்டுவிட்டான். குற்றம் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பூந்தமல்லிக்கு மேற்கே ஏரியை ஒட்டிய ஊரில் எங்கள் தாய் தந்தைக்கு அக்கா மூத்த பிள்ளை, நான் கடைசி. இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. கூலிக்கு நடவு நடுகிற குடும்பம். அக்கா ஐந்தாவதோடு படிப்பை விட்டு அம்மாவுடன் சேற்றில் இறங்கினார். லீவு நாட்களில் நானும் நெல் நாற்றுப் பிடுங்கியிருக்கிறேன். அந்த வேலை தெரியாதவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறைய பேர் இருப்பதால் சொல்கிறேன். நாற்றைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, வேரில் உள்ள சேற்றைக் காலில் தட்டி, தண்ணீரில் வெள்ளையாகத் தெரியும்வரை அலசி, சின்னச் சின்னக் கட்டாக, அதாவது முடி முடியாகக் கட்டி வரப்பில் போட வேண்டும். அலசாமல் கட்டினால் ஏச்சு விழும். இது சின்ன வயதில் என் கையில் ஏறிய பழக்கம்.

அக்காவைக் காட்டுப்பாக்கத்தில் கொடுத்தோம். மாமா லாரி ஓட்டினார். பையனுக்கு நாலு வயதாகும்போது மாமா நெஞ்சு வலியில் போய்விட்டார். அக்கா போரூர் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் துலக்கிப் பையனைப் படிக்க வைத்தார். பையன் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான்.

அவனுக்கு ஆறு வயதில் அம்மை போட்டது. கண் திறக்காமல் கிடந்தான். அக்கா வேற்காட்டு அம்மனிடம் வேண்டிக்கொண்டார்: பிள்ளையை எழுப்பிக் கொடு தாயே, என் கையால் நட்டு வளர்த்த பூவை, என் உயிர் உள்ளவரை வெள்ளிக்கிழமை தவறாமல் உனக்குக் கொண்டுவந்து போடுகிறேன். பிள்ளை எழுந்தான். அக்காவும் சொன்ன சொல் மாறவில்லை. கடைப் பூ வாங்கிப் போட்டதே இல்லை.

வீட்டு முன்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவு மண். அதில் கனகாம்பரம். ஓரத்தில் டிசம்பர் பூ, காசித்தும்பை. கனகாம்பரத்தின் கதிர் காய்ந்த பிறகு தண்ணீர் பட்டால் பட் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். அக்கா வேண்டுமென்றே கையால் தண்ணீர் தெளித்துவிட்டு நின்று கேட்பார். "தீவாளிக்குப் பட்டாசு இன்னாத்துக்கு, நம்மூட்லயே வெடிக்குது" என்பார். தெறித்த விதை முளைத்து நாலு இலை விட்டதும், வெயில் தாழ்ந்த நேரத்தில் கொட்டாங்குச்சியால் சுற்றிலும் தோண்டி, மண் உருண்டையோடு அலுங்காமல் எடுத்து இடம் மாற்றி நடுவார். கேண்டீனில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, அதற்கு மட்டும் குந்தி உட்கார அவர் காலில் தெம்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை சரத்தை வாழை இலையில் சுற்றிக்கொண்டு குமணன்சாவடி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருவேற்காடு. ஆட்டோக்காரத் தம்பி, "இன்னாக்கா, அம்மனுக்கு டெலிவரியா?" என்று கேட்பாராம். அக்கா அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு சர்க்கரை வந்தது. கால் புண் ஆறவில்லை. கண்ணில் மூட்டம் போட்டது. தனியாக விட முடியாமல் திருவேற்காட்டில் என் வீட்டுக்கு அழைத்தேன். அக்கா ஒன்றே ஒன்று சொன்னார். "செடி வந்தா நான் வரேன்."

அது போன வருடம் பங்குனி மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நின்று நின்று எனக்கும் உடம்பு ஓய்ந்திருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை தனியாகக் காட்டுப்பாக்கம் போனேன். முப்பது, நாற்பது செடி இருக்கும். சீக்கிரம் முடித்துவிட்டுப் படுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கை தானாகப் பழைய வேலையைச் செய்தது. கொத்தாகப் பிடித்து இழுத்தேன். மண்ணைக் குதிகாலில் தட்டினேன். குழாயடியில் வேரை அலசி, கயிற்றால் முடி முடியாகக் கட்டி, கோணிப்பையில் போட்டு, உச்சி வெயிலில் கொண்டுவந்தேன். சுத்தமாகச் செய்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

அக்கா ஒரு முடியை வாங்கி வேரைத் தடவிப் பார்த்தார்.

"டேய், இது இன்னா நெல் நாத்தா? அலசிக் கொணாந்துகீற."

என் மனைவி சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தார். "சரி நடு. இலையக் கிள்ளிப் போடு. மேல ஓலை வெச்சு மறை. தண்ணிய ஊத்தாத, கையால தெளி" என்று நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். எல்லாம் செய்தேன். மூன்றாம் நாள் எல்லாச் செடியும் தலை தொங்கியது. பத்து நாளில் தண்டு கறுத்தது. ஒன்றுகூடத் தங்கவில்லை.

இருபது வருடத்துக்கு மேலாக நடந்த வேண்டுதல் என் கையால் நிற்பதா என்று எனக்குப் பயம். அக்காவுக்கோ கண் சரியாகத் தெரியவில்லை. குமணன்சாவடி ரோட்டோரத்தில் செடி விற்பவரிடம் பூவோடு இருந்த கனகாம்பரம் வாங்கி வந்து, செத்த செடியைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் நட்டேன். இந்த முறை மண்ணோடு நட்டேன். டெல்லி கனகாம்பரம், பெரிய பூ, ஆனால் விதை பிடிக்காது என்று செடிக்காரர் சொன்னார். அக்காவிடம் செடி பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டேன். என் மனைவி, சாமி காரியத்தில் பொய் சொல்லாதீர்கள், அண்ணியிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றாள். அவளையும் அதட்டி வாயை அடைத்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அக்கா படுக்கையில் இருந்தபடி விரலால் தடவித் தடவிச் சரம் கட்டுவார். நான் கொண்டுபோய்ப் போடுவேன். அத்தனை வாரமும் நான் அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லக்கூட ஒரு தெம்பு வேண்டும். காலையில் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், அக்காவைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், அப்புறம் டூட்டி. அதெல்லாம் போக மிச்சம் என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம் நல்ல மழை. அக்கா ஜன்னல் பக்கம் உட்கார வைக்கச் சொன்னார். மழை விடும்வரை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெடிக்கலியேடா."

கதிர் இன்னும் காயவில்லை என்றேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"டெல்லிப் பூவா?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆமாம் என்றேன்.

"மொத நாள் தொட்டப்பவே தெரியும். நீயா சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "அம்மனாண்ட அன்னிக்கே சொல்லிட்டேன். தம்பி ஓஞ்சு போய்க்கீறான், இப்பத்திக்கு இத்த எடுத்துக்கன்னு."

பிறகு, காட்டுப்பாக்கத்தில் நான் தட்டிவிட்ட மண்ணெல்லாம் அங்கேதானே கிடக்கிறது, அதில் விதை இருக்கும், இரண்டு மழைக்குப் பிறகு போய்ப் பார் என்றார். "இந்தத் தபா மண்ணோட எடு."

போகிறேன் என்றேன். போகவில்லை. ஒரு ஞாயிறு ஆஸ்பத்திரி, ஒரு ஞாயிறு என் முட்டி வலி, ஒரு ஞாயிறு சும்மா படுத்துவிட்டேன். அக்கா இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை காபி கேட்டார். ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். அழுகை வருமுன் என் உடம்பு, இனிமேல் தூங்கலாம் என்று நினைத்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வந்த மாலை எல்லாம் கடை மாலை. அக்கா காலடியில் வைக்க அக்காவின் பூ ஒன்றுகூட இல்லை.

கருமாதி முடிந்து, வீட்டை ஒழிக்க அக்கா மகனோடு காட்டுப்பாக்கம் போனேன். கதவைத் திறக்குமுன் குழாயடியைப் பார்த்தேன். நான் வேரை அலசிய இடத்தில் கனகாம்பரக் கன்றுகள் நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக முளைத்து நின்றன. சில கன்றுகள் ஒரு சாண் உயரம் வந்து நெரிசலில் வெளுத்திருந்தன. முதல் மழைக்கே முளைத்திருக்கும். அக்கா சொன்ன வாரமே போயிருந்தால் அவர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்க வைத்திருக்கலாம்.

வெயில் தாழும்வரை காத்திருந்து, கொட்டாங்குச்சியால் மண்ணோடு எடுத்தோம். குமணன்சாவடியில் அதே ஆட்டோ. அந்தத் தம்பிக்கு விஷயம் தெரியாது. "இன்னாண்ணா, நீ டெலிவரியா? அக்கா வரலியா?" என்றார். சொன்னேன். வண்டியை ஓரம் கட்டி இறங்கி நின்றார். பிறகு பள்ளம் மேட்டில் எல்லாம் மெல்ல ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். ஒரு கன்றுகூட அலுங்கவில்லை. நட்டதில் முக்கால்வாசி பிடித்துக்கொண்டது. மாசி மாதம் முதல் பூ.

உயிர் உள்ளவரை என்பதுதான் அக்காவின் வேண்டுதல். அது முடிந்துவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை சரம் போகிறது. டெல்லிச் செடியையும் நான் பிடுங்கவில்லை. அக்கா சொல்லி அம்மன் எடுத்துக்கொண்ட பூ அது. இரண்டையும் சேர்த்தே என் மனைவி கட்டுகிறாள்.

கடைசி மாதங்களில் வீட்டுக்கே வந்து புண்ணைச் சுத்தம் செய்த நர்ஸ் அம்மாவுக்கும், கஞ்சி கொண்டுவந்த எதிர் வீட்டாருக்கும், தோள் கொடுத்த காட்டுப்பாக்கத்துக்காரர்களுக்கும், கேண்டீன் தோழிகளுக்கும், ஆட்டோக்காரத் தம்பிக்கும் கைகூப்புகிறோம். முகம் சுளிக்காமல் என் அக்காவைக் குளிப்பாட்டிவிட்ட என் மனைவிக்கு நேரில் சொல்ல வரவில்லை, இங்கே எழுதுகிறேன். கன்று வேண்டுபவர்கள் வீட்டுக்கு வரலாம். மண்ணோடுதான் கொடுப்பேன்.

போன வாரம் மத்தியானம் மழை பிடித்தது. நான் டூட்டி முடிந்து வந்து உள்ளே படுத்திருந்தேன். வெளியில் பட்டென்று ஒரு சத்தம். பிறகு இரண்டு, பிறகு தொடர்ந்து. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. முடியவில்லை. மழை விடும்வரை படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி