நான்காம் குரலுக்குப் போட்ட பூட்டு

ஆளில்லாத கண்காட்சிகளுக்குக் கைப்பேசி விளையாட்டு செய்வது என் பிழைப்பு. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கிடங்கில் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றிய கண்காட்சி வைத்தார்கள். விளக்கிச் சொல்ல அங்கே ஒருவரும் கிடையாது. படத்தின் கீழுள்ள கியூ.ஆர். கட்டத்தைக் கைப்பேசியில் பிடித்தால் ஒரு கேள்வி வரும். சரியாகச் சொன்னால் ஒரு நட்சத்திரம். தப்பாகச் சொன்னால், அந்த வேலையைச் செய்த ஒருவரின் குரல் வந்து திருத்தும். அந்தக் குரல் யோசனை என்னுடையது. அதைச் சொல்லி அலுவலகத்தில் கொஞ்சம் அலட்டிக்கொள்ளவும் செய்தேன்.

நான்காவது படத்தின் கேள்வி, அரிசி மூட்டையை எங்கே வைத்துச் சுமப்பார்கள் என்பது. தலை என்று அழுத்தினால் ஒரு பெரியவர் கத்துவார். "தப்பு லா! தலையில வெச்சா கழுத்து போயிரும். தோள்ல வை, தோள்ல. எத்தன தடவ சொல்றது?" பிறகு ஒரு சிரிப்பு, கொஞ்சம் இருமல்.

கண்காட்சி திறந்த பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. யார் எந்தப் படத்தில் என்ன அழுத்தினார்கள் என்பது அலுவலகத்தில் என் திரைக்கு வந்துவிடும். அதில் ஒரு கைப்பேசி என் உயிரை வாங்கியது. ஞாயிறு தவறாமல் வரும். மற்ற படங்களைத் தொடாது. நேரே நான்காவது படத்துக்குப் போய், பத்துப் பன்னிரண்டு தடவை "தலை" என்றே அழுத்தும். என் அறிக்கை முழுக்கத் தப்பான பதிலாக நிறைந்தது.

"யாரோ சும்மா விளையாடுறாங்க லா, விடு" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

விடுகிற புத்தி எனக்கு ஏது? மூன்று தடவை தப்பாகச் சொன்னால் அந்தக் கைப்பேசிக்கு அந்தப் படம் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்தேன். அரை மணி நேர வேலை. அடுத்த ஞாயிறு அது மூன்று தடவையோடு நின்றது. அதற்கடுத்த ஞாயிறும் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் வரவில்லை. அறிக்கை சுத்தமானதில் எனக்குச் சந்தோஷம். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

விளையாட்டில் கருத்து எழுத ஒரு பெட்டியும் வைத்திருந்தேன். வைத்ததோடு சரி, திறந்து பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, கண்காட்சி முடியப்போகும் நேரத்தில்தான் திறந்தேன். "ஏர்கோன் வேலை செய்யல" என்ற புகார்களுக்கு நடுவில் இது இருந்தது:

"வணக்கம். நாலாவது படம் பூட்டிக்கிச்சு. சரியான பதில் எனக்குத் தெரியும். தப்பா சொன்னாத்தான் எங்கப்பா பேசுறாரு. அவரு தவறிட்டாரு, நான் ஒரே மக, வீட்டுல அவரு குரல் எதுலயும் இல்ல. பாயான் பாருலேர்ந்து வர்றேன், ஞாயித்துக்கெழமதான் கிலாங் லீவு. தயவுசெஞ்சு என்னைத் தப்பா சொல்ல விடுங்க."

பாயான் பாருவில் கிலாங், அதாவது தொழிற்சாலை, எத்தனையோ இருக்கிறது. எழுதியவளின் பெயர் இல்லை, எண் இல்லை. பெயர் கேட்டால் ஜனங்கள் எரிச்சல்படுவார்கள் என்று அந்த இரண்டு கட்டங்களையும் எடுத்தது நான்தான்.

பூட்டை உடனே எடுத்தேன். குரல்களைப் பதிவு செய்த கெலுகோர் பல்கலைக்கழக மாணவியைக் கூப்பிட்டேன். "அக்கா, பேரெல்லாம் எழுதல லா. படகு ஜெட்டிகிட்ட, தொறையில பாத்தவங்கள அப்படியே பேச வெச்சோம். நாலாம் நம்பர்னுதான் இருக்கு" என்றாள். படத்துக்குப் பக்கத்தில் என் எண்ணை எழுதி ஒட்டினேன். மிச்சமிருந்த மூன்று ஞாயிறும் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தனியாக வந்த ஒவ்வொரு பெண்ணின் விரலையும் பார்த்தேன். சிலர் தோள் என்றார்கள், சிலர் முதுகு என்றார்கள். தலை என்று அழுத்தியது ஒரு சீனப் பெண். பெரியவர் கத்தியதும் திடுக்கிட்டுச் சிரித்தாள்.

கண்காட்சியைக் கழற்றிவிட்டார்கள். அந்தப் பதிவை மட்டும் என் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். யாரோ ஒருத்தியின் அப்பா என்னிடம் இருக்கிறார். எத்தனை தடவை சொல்வது என்று என்னைக் கேட்கிறார்.