தனபால் மன்னிப்புக் கேட்ட சனிக்கிழமை

கோலாலம்பூரில் நாங்கள் வேலை பார்க்கும் சைவ ஓட்டலில் தனபாலுக்கு நான் வைத்த பெயர் பண்ணையார். கேரள எல்லையில், எருத்தேன்பதியில் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். போர்வெல் வற்றி, வெள்ளை ஈ விழுந்து, தோப்பு மொட்டையான பிறகு இங்கே மேசை துடைக்க வந்தார். நான் சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் லயத்து வீட்டில் பிறந்தவன், என் அம்மா கொழுந்து கிள்ளியவள். அப்படிப்பட்ட இந்த வீரபாண்டி முன்வரிசையில் ஜம்மென்று நின்று டீ ஆற்ற, தோப்புக்காரர் எச்சில் தட்டு எடுப்பதைப் பார்க்க ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் குஷியாகவே இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஆனால் அந்த மனுஷனை ரொம்ப நாள் இளக்காரமாகப் பார்க்க முடியாது. காலித் தட்டைக்கூட "எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. மகள் கௌசிகாவின் படிப்பு முடியட்டும் என்று ஒவ்வொரு லீவையும் தள்ளிப்போட்டார். மகள் பாலக்காட்டுப் பக்கம் ஒரு காலேஜில் கடைசி வருஷம். வீடியோவில் முகம் காட்ட அவளுக்கு நேரம் கிடைப்பதே இல்லை. அவர் போனில் இருந்தது ஒன்பதாம் வகுப்பு யூனிஃபார்மில் எடுத்த படம்தான்.

அந்தச் சமயம் அவளுடைய காலேஜ் வகுப்பு இரண்டு நாள் டூருக்குக் கோலாலம்பூர் வருவதாக ஏற்பாடானது. விசா வேண்டாம் என்றான பிறகு காலேஜ் பிள்ளைகள் மூணாறுக்குப் போவதுபோல இங்கே வந்துபோகிறார்கள். தனபால் சந்தோஷத்தில் திக்குமுக்காடிப் போனார். மகளோ, "டைமே இருக்காதுப்பா, பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போயி பஸ்ஸுலயே கொண்டாந்து உட்டுருவாங்க" என்றாள். அதையும் நம்பினார்.

வியாழக்கிழமை டூர் ஏஜென்சியிலிருந்து சாப்பாட்டு லிஸ்ட் வந்தது. சனிக்கிழமை மத்தியானம், முப்பத்திரண்டு பேர். காலேஜ் பெயரைப் பார்த்ததும் நான்தான் அடுப்படி வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். தனபால் ஈரக் கையோடு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"அம்மணி, நீங்க சாப்பிட வாரது நம்ம கடைக்குத்தான் கண்ணு!"

அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் தணிந்து வந்தது.

"அப்பா, சனிக்கிழமை நீங்க லீவு போட்டுருங்க."

"ஏங்கண்ணு?"

"நீங்க கப்பல் கம்பெனியில இன்ஜினியர்னு ஹாஸ்டல்ல சொல்லி வெச்சிருக்கறேன். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். தயவுசெஞ்சு அங்க நிக்காதீங்கப்பா."

"செரி அம்மணி, நிக்கல" என்றார்.

சொன்னபடி லீவு கேட்கத்தான் கிளம்பினார். கெடுத்தவன் நான். "ஆறு வருசமாச்சு அண்ணாச்சி. ஒரு ஓரமா நின்னு பாத்துக்கோங்க. மேச தொடைக்கிற ஆள யாரு நிமிந்து பாக்கப்போறா?" என்றேன். அவருக்கு யாராவது அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. சனிக்கிழமை முகத்தை மழுங்க வழித்துக்கொண்டு வேலைக்கு வந்தார்.

பஸ் வந்து நின்றது. ஒரே மாதிரி மஞ்சள் பனியன் போட்ட பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள். கௌசிகாவை நானே கண்டுபிடித்துவிட்டேன். அதே நெற்றி, அதே மூக்கு. அவள் அப்பாவைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பன்னிரண்டாம் மேசையில் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அவரோ தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து எதிர்ப்பக்கம் நின்றார். அவள் டம்ளரில் ஒரு வாய் குறைந்தாலும் போய் ஊற்றினார். ஓரமாக நில்லுங்கள் என்றால் ஓரத்தில் நிற்கத் தெரிய வேண்டாமா?

பக்கத்தில் இருந்த நிமி என்ற பெண் கௌசிகாவின் காதில் என்னவோ சொன்னாள். எதிரே இருந்த பையன் எழுந்தான். வினோ, வினோ என்று பெண்கள் அவனைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஹலோ, உங்களைத்தான். வந்ததுல இருந்து இந்தப் பொண்ணையே பாத்துட்டு நிக்கறீங்க. உங்க வயசென்ன, அவ வயசென்ன? வெக்கமா இல்ல?"

"ஒண்ணுமில்லீங்க தம்பி" என்றார் தனபால்.

முதலாளி ஓடிவந்தார். வாராவாரம் பஸ் அனுப்பும் ஏஜென்சியை அவர் பகைத்துக்கொள்ள மாட்டார். நேராகக் கௌசிகாவிடமே கேட்டார்: "ஏம்மா, இந்த ஆளு உங்கள அப்படிப் பாத்தாரா?"

முப்பத்தோரு பேரும் அவளையே பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். யாரோ வயசானவர், விடுங்க என்று சொல்லியிருந்தாலும் போதும். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள், ஆமாம் என்று.

தனபால் ஜக்கைக் கீழே வைத்தார். துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பெற்ற மகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பாப் போச்சுங்க. மன்னிச்சுக்குங்க."

"ம்... போங்க" என்றாள் அவள்.

நாலைந்து போன்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. நான் பத்தடி தூரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாலேயே என்னைத் தடுத்துவிட்டார் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் வேலை பெர்மிட் முதலாளி கையில் இருந்தது, அதனால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அன்றோடு அவரைப் பின்கட்டில் பாத்திரம் கழுவப் போட்டார்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன அண்ணாச்சி?" என்று நான் கத்தினேன். "சொல்லிட்டா புள்ள எப்படீங்க திரும்ப அந்த பஸ்ஸுல ஏறும்?" என்றார். கொஞ்ச நேரம் சட்டியைத் தேய்த்துவிட்டு, "அந்தப் பையன் நல்ல பையனுங்க. ஒருத்தன் மொறச்சுப் பாத்தா கேக்கறதுக்குப் புள்ளைக்கு ஆள் இருக்குது" என்றார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

இரண்டு மாதம் கழித்து நான் லீவில் ஊருக்கு வந்தேன். அவர் கொடுத்த பார்சலோடு பாலக்காடு வந்து, கொழிஞ்சாம்பாறையில் பஸ் மாறி எருத்தேன்பதிக்குப் போனேன். தனபாலின் மனைவி செல்வலட்சுமி வாசலுக்கே வந்து கூட்டிப்போனார்.

"பாருங்க, அத்தன தூரம் போயும் புள்ளைக்கு அப்பன் மூஞ்சியப் பாக்கக் குடுத்து வெக்கல. அன்னிக்குன்னு அவரை வெளியூர் வேலைக்கு அனுப்பிட்டாங்களாமா. வந்து ஒரே அழுகை."

அவருக்குப் பின்னால் கௌசிகா நின்றிருந்தாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. நான் காபியைக் குடித்து முடித்ததும், பஸ் ஸ்டாப்பைக் காட்டுகிறேன் என்று கூடவே வந்தாள். தோப்பு முடியும் இடத்தில் என் ஆத்திரம் வெளியே வந்தது.

"ஏம்மா, பெத்த அப்பன அப்படிக் கும்பிட விடலாமா?"

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"அங்க டீ ஆத்திட்டு நின்னது நீங்கதானுங்கண்ணா? உங்களுக்கும் தெரியுமல்லொ, அவரு எங்கப்பான்னு. நீங்க சொல்லியிருக்கலாமல்லொ."

நான் சாலையைப் பார்த்தபடி நடந்தேன். பஸ் வருவது தெரிந்ததும் அவளே சொன்னாள்: "அந்த வீடியோ எல்லார்கிட்டயும் இருக்குதுங்க. வினோவும் நிமியும் அடிக்கடி ஊட்டுக்கு வாராங்க. அப்பாவ இப்போதைக்கு வர வேண்டாம்னு சொல்லிருங்க."

அதையும் சுமந்துகொண்டு திரும்பினேன். பின்கட்டில் குந்தியிருந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மறைக்க நான் யார்? முழுவதும் கேட்டுவிட்டு, "செரீங்க" என்றார். கழுவிய தட்டுகளை அடுக்கி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி எளச்சிருக்குதுங்களா? அன்னிக்கு நான் செரியாப் பாக்க முடியலீங்க."