அக்கராயன் காட்டில் பரசூட்டோடு தொங்கிய பகல்

விமானத்தின் இயந்திரம் தீப்பிடித்தபோது எனக்கு நேர்கீழே அக்கராயன் வயல்கள். அறுவடைக் காலம். வயல் முழுவதும் சனம்.

ஐம்பதுகளின் கடைசியில், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தபால் கொண்டுபோன சிறிய விமானத்தை ஓட்டியவன் நான். ஊர் முல்லைத்தீவுக் கரை. வெயிலில் மின்னும் வன்னிக் குளங்களை எண்ணிக்கொண்டே பறந்த அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது. ஆனால் அம்மா இறந்தபின் நான் செபமாலையைத் தொட்டதில்லை. மாதாவோடு கோபம்.

அன்றுதான் வாய் திறந்தேன். "மாதாவே, அந்தச் சனத்துக்கு மேலை விழ விடாதேங்கோ."

புகையில் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. காட்டுப் பக்கம் திருப்பினேன். வயல்கள் மறைந்ததும் தபால் மூட்டையைத் தள்ளிவிட்டுக் குதித்தேன். பரசூட் பாலை மரமொன்றில் சிக்கியது. வலது கால் முறிந்துவிட்டது. வார்களை அவிழ்த்தால் இருபது அடி கீழே விழுவேன். விமானம் தொலைவில் விழுந்ததால் ஊரார் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். கத்திக் கத்திக் குரல் போயிற்று. வெயில் சாயத் தொடங்கியது. அழுதேன். "மாதாவே, ஒரு ஆளை அனுப்புங்கோ."

பற்றைக்குள் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஆரப்பா இது, காட்டுக்குள்ளை வேட்டி காயப்போட்டது?"

அண்ணாந்து பார்த்தவர் அலறினார். "ஐயோ, ஆள்! உயிர் இருக்கோ?"

"ஓம் அக்கா. தண்ணி..."

"பொறுங்கோ தம்பி, இவரைக் கூட்டிக்கொண்டு வாறன். கண்ணை மூடிப்போடாதேங்கோ!"

அவர் சிவபாக்கியம் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். காணாமற்போன மாட்டைத் தேடி வந்திருந்தார். அவருடைய கணவர் மரமேறி, கயிறு கட்டி என்னை இறக்கினார். பக்கத்தில் கிடந்த தபால் மூட்டையைத் தலைக்கு வைத்து, பெருந்தெருவரை மாட்டுவண்டிலில் கொண்டுபோனார்கள். அங்கிருந்து லொறியில் வவுனியா ஆசுப்பத்திரிக்கு.

வண்டிலில் அக்கா சொன்னார்: "பிள்ளையாரிட்டை மாட்டைத்தான் கேட்டனான் தம்பி. அவர் உங்களைத் தந்திருக்கிறார்."

"நான் மாதாவிட்டை ஆளைக் கேட்டனான் அக்கா."

வலியிலும் சிரித்தேன். மாடும் மூன்றாம் நாள் தானாக வந்துவிட்டதாம். வயலில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

பிறகு நான் பறக்கவில்லை. மீன்பிடிக்க அப்பாவின் வள்ளத்தில் ஏறினேன். கால் நொண்டி நொண்டித்தான் ஞாயிறுகளில் மாதா கோயிலுக்குப் போகிறேன்; தவறவிட்டதில்லை. அறுவடை முடிந்ததும் அக்கா வீட்டில் எனக்கொரு பிடி புதுச்சோறு இருக்கும்.

அன்பானவர்களே, செபம் மறந்துபோயிற்றே என்று கூச்சப்படாதீர்கள். எனக்கும் அன்று ஒரு மந்திரமும் நினைவில் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போன பிள்ளையின் குரலும் தாய்க்குத் தெரியும். கூப்பிட்டுப் பாருங்கள்.