ஏழு குழாய் இஞ்சின்

நம் அலமாரியில் இருக்கிற அந்த நீள மூக்குக் காரின் இஞ்சினில் ஒரு பக்கம் நான்கு புகைக்குழாய், மறுபக்கம் மூன்றுதான் இருக்கிறது. ஒன்றை நீ உடைத்தாய், இல்லை நீதான் உடைத்தாய் என்று போன வாரம் இரண்டு பேரும் அடித்துக்கொண்டீர்கள். யாரும் உடைக்கவில்லை. செய்யும்போதே அது ஏழுதான். கதையை எழுதி வைக்கிறேன், படித்துவிட்டுச் சண்டையை விடுங்கள்.

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே வெளிநாட்டிலிருந்து பெட்டி வரும். பழைய ஸ்வெட்டர், பால் பவுடர், பிள்ளைகளுக்குப் பொம்மை. அந்த வருடம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் இந்தக் கார் வந்தது. காராக வரவில்லை. பிளாஸ்டிக் குச்சிகளில் காய் காய்த்த மாதிரி துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. நாமே பிய்த்து, ஒட்டி, கார் செய்துகொள்ள வேண்டும்.

இப்படி ஒட்ட வேண்டும் என்பது பொம்மைகளைப் பங்கு பிரித்த உபதேசியாருக்குத் தெரியாது. பூசை வைக்கிற சாமியார் வராத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். நியாயஸ்தர். பாஸ்குத் திருவிழாவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, கறி போட்டால் அவர்தான் கூறு வைப்பார். எல்லார் கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு இருக்கும். அதே நியாயப்படி இந்தக் காரையும் கூறு போட்டுவிட்டார். ஒருவனுக்குச் சக்கரம், ஒருவனுக்கு சீட்டு, என் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் புகைக்குழாய்கள். எனக்குக் காரின் உடம்பும் படம் போட்ட பெட்டி மூடியும். இஞ்சின் இல்லை. ஈரல் இல்லாத கூறு என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

என் அம்மாவின் தம்பி, அதாவது நீங்கள் தாத்தா என்று கூப்பிடுகிற என் மாமா, அப்போது தருமபுரியில் லாரி பட்டறையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வருவார். மூடியில் இருந்த படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். முன்சக்கரம் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லி, பின்சக்கரம் டிராக்டர் சக்கரம் மாதிரி தடி. இஞ்சினுக்கு மூடியே இல்லை. கிணற்று ஆயில் இஞ்சின் மாதிரி குழாய்கள் வெளியே வானத்தைப் பார்த்து நின்றன. வண்டிக்குப் பின்னால் வெள்ளைத் துணி ஒன்று உப்பிக்கொண்டு பறந்தது. அது பருத்தி மூட்டை என்றேன் நான். வேட்டி காயப் போட்டிருக்கிறார்கள் என்றார் அப்பா.

மறுநாள் பூசை முடிந்ததும் மாமா மூடியைச் சாமியாரிடம் காட்டினார். சாமியார் படித்துச் சொன்னார். இது பந்தய வண்டியாம். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்குமாம், ஒரே நேரத்தில் புறப்படுமாம், கால் மைலில் ஓட்டம் முடிந்துவிடுமாம். அந்தத் துணிதான் வண்டியை இழுத்து நிறுத்துவது.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்மூரு பஸ்ஸு கால் மைலு போனாத்தான்டா ரெண்டாவது கியரே விழும்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அப்பிடின்னா இது ஊருக்குப் போற வண்டி இல்ல. கெளம்பறதுக்குன்னே செஞ்ச வண்டி."

அதற்குப் பிறகு என்னைவிட அவருக்குத்தான் பைத்தியம் பிடித்தது. ஞாயிறு தோறும் என்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக மிச்சத் துண்டுகளைத் தேடிப் போனார். பின்சக்கரங்கள் ஒரு சோளத்தட்டு பொம்மை வண்டியில் ஓடிக்கொண்டிருந்தன. பழைய பேரிங்கின் இரும்புக் குண்டுகளைக் கொடுத்து அவற்றை வாங்கினோம். இஞ்சின் உபதேசியார் வீட்டிலேயே இருந்தது. பேரப்பிள்ளையின் தொட்டிலில் கிலுகிலுப்பைக்குப் பதிலாக அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளை தூங்குகிற வரை காத்திருந்து அவிழ்த்து வந்தோம். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூசனைத் தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு மாமா ஒட்டுவார். ஒரு துண்டு கோணலாக உட்கார்ந்தாலும் பிய்த்து மறுபடி ஒட்டுவார். லாரியில் ஒரு நட்டு குறைந்தாலும் வண்டியை வெளியே விடமாட்டாராம், பட்டறையில் அப்படித்தான் பெயர்.

மிச்சம் குழாய்கள். இஞ்சினின் இரு பக்கமும் நான்கு நான்கு ஓட்டை. குழாய்களை வாங்கிப் போன என் வகுப்புப் பையன் அவற்றை மாட்டுக்கொட்டகையில் போட்டு விளையாடியிருக்கிறான். எல்லாம் சோளத்தட்டுப் போருக்குள் போய்விட்டன என்றான். அவனுடைய அக்கா, கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர், தேடிப் பார்க்கிறேன் என்றார். அடுத்த ஞாயிறு போனோம். ஒன்று கிடைத்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான் கிடைக்கும். அந்த அக்கா அதை முந்தானையில் துடைத்து மாமாவின் உள்ளங்கையில் வைப்பார். மாமா ஓட்டை எந்த அளவு, குழாய் எந்த அளவு என்று வாசலில் நின்று விளக்குவார். ஒரு குழாய்க்கு அவ்வளவு விளக்கம் எதற்கு என்று எனக்குக் கால் கடுக்கும்.

அம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "ஒரே வூட்ல கெடக்கற சாமான்தான? ஒரே நாள்ல தேடி எடுத்தா ஆவாதாடா?"

"சொல்யூசன் காயணும்க்கா" என்றார் மாமா. அம்மா சிரித்துக்கொண்டு அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

ஏழு குழாய் சேர்ந்துவிட்டது. தபசு காலம், அதாவது பாஸ்குக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு, தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு, எட்டாவது வாங்க வேண்டிய நாள். மாமா பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, என்னை மட்டும் போய் வா என்றார். போனேன். அந்த வீட்டு வாசலில் புதுச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கோலாரிலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று என் வகுப்புப் பையன் சொல்லி, என் கையில் ஒரு லட்டு கொடுத்தான். அவனுடைய அக்கா பட்டுப்புடவையோடு கொட்டகைப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். குழாய் கிடைத்ததா என்று கேட்டேன்.

"எங்கிட்டத்தான் இருக்குது. உங்க மாமா வந்து கேட்டாத்தான் குடுப்பேன்னு சொல்லு. இன்னைக்கே வரணும்னு சொல்லு."

லட்டை மென்றுகொண்டே ஓடிவந்து சொன்னேன். மாமா நேரே கிணற்றடிக்குப் போனார். மண்ணெண்ணெய் விட்டு, மரத்தூள் போட்டு, நகக்கண்ணில் இருந்த கிரீசை எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார். வாசல் வரை போனார். நான் செருப்பைக்கூட எடுத்து வைத்தேன். அங்கேயே நின்று கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தோரம் கறுப்பு போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏழு போதும்டா" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. குழாய் அந்த வீட்டில் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன் என்று சொல்கிறார்கள். நாலு வீடு தள்ளி நடக்க வேண்டியதுதான் பாக்கி. அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாஸ்கு கழிந்து அந்த அக்கா கல்யாணம் ஆகிக் கோலாருக்குப் போய்விட்டார். எட்டாவது ஓட்டையில் வேறு எதையாவது செருகலாம், பேனா ரீபிள் இருக்கிறது என்று எத்தனையோ முறை சொன்னேன். மாமா கேட்கவில்லை.

அந்த ஞாயிறு முழுவதும் எனக்குப் புரியாதது ஒன்றுதான். ஒரு பொம்மைக் குழாயை வாங்கி வரப் போகிறவர் அவ்வளவு நேரம் எதற்காகக் கை கழுவினார்?